வாசலில் சொன்ன பெயர்

எனக்குக் குகை என்றாலே ஆகாது. குகை இல்லாத ஊராகப் பார்த்துக் கல்யாணம் செய்திருக்கலாம். அந்த வயதில் அந்தப் புத்தி எங்கே இருந்தது? ஐதுதாக்கித் தீவில் மணலிலும் தண்ணீரிலும் வளர்ந்தவள் நான். தலைநகர்த் தீவான ரரோதோங்காவுக்கு ஒரு நடனப் போட்டிக்குப் போன இடத்தில், ரோங்கோ என்கிறவன் சிரித்த சிரிப்பில் விழுந்து, அவன் பின்னாலேயே அதியூவுக்கு வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால் தீவின் ஓரம் முழுக்க ஓட்டை. கூர்கூராக நிற்கும் பழைய பவளப்பாறைக்கு நடுவே, புதருக்கு அடியில், ஆலமர வேருக்குப் பின்னால், எங்கே பார்த்தாலும் ஒரு கறுப்பு வாய். சிலவற்றில் குருவி, சிலவற்றில் தண்ணீர், சிலவற்றில் இவர்களுடைய பழைய செத்தவர்கள். என் புருஷனுக்கு வேலையே வெள்ளைக்காரர்களைக் குருவிக் குகைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதுதான்.

அது ஊருக்குப் பொதுவான குகை. அது போக, ரோங்கோவின் குடும்பத்துக்கென்று ஒரு குகை உண்டு. அங்கே வெள்ளைக்காரர்கள் போவதில்லை. சர்ச் வருவதற்கு முன்னால் செத்த பாட்டன் பூட்டன்கள் உள்ளே கிடக்கிறார்கள். குடும்பத்து ஆட்கள் வெளிநாடு போகும்போதும், திரும்பி வந்தபோதும் போய்த் தலைகாட்டிவிட்டு வருவார்கள். வாசலில் ஒரு கல் இருக்கிறது. கை பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆன கல். அதில் உள்ளங்கையை வைத்து, நான் இன்னார், இன்னாருடைய பிள்ளை என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு அங்கே பேச்சு கிடையாது. அவர்களுக்காக ரத்த உறவில் ஒருவர் பேசுவார். அவர்கள் தள்ளி, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். என்னைப் போன்ற வாயாடிக்கு அதுவே பெரிய தண்டனை.

கல்யாணமான புதிதில் ரோங்கோ என்னை அங்கே கூட்டிப்போனான். போகிற வழியெல்லாம் கதை. வாசலில் பொய்ப்பெயர் சொல்லி உள்ளே போன ஒருவன் திரும்பி வரவேயில்லையாம். ஊரே தேடியும் ஆள் அகப்படவில்லையாம். அவன் கூப்பிடுகிற குரல் மட்டும் பாறைக்கு அடியில் நாள்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்ததாம். "பேரை மாத்திச் சொன்னா, அவங்க வழியை மாத்திடுவாங்க" என்றான், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற தொனியில். அவன் கல்லில் கை வைத்து முணுமுணுத்தபோது நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றேன். செத்தவர்கள் பதில் சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது?

உள்ளே போனதும் டார்ச்சை நிறுத்தினான். புதுப் பெண்டாட்டி பயந்து கட்டிக்கொள்ளட்டும் என்கிற திட்டம்தான், வேறென்ன. அப்படி ஓர் இருட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். எங்கேயோ தண்ணீர் சொட்டியது. தலைக்கு மேலே கோபேகாக் குருவிகள் டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு பறந்தன. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவற்றுக்கு இருட்டில் வழி தெரியுமாம். மறுபடி வெளிச்சம் வந்தபோது சுவர் முழுக்கப் பால் பொங்கி வழிந்து அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அத்தனை வெள்ளை, அத்தனை அழகு. பார்த்துக்கொண்டே கண்ணைக் கீழே இறக்கினால் வரிசையாக எலும்பு. நான் போட்ட கூச்சலில் குருவியெல்லாம் கலைந்தது.

இனி தலைகீழாக நின்றாலும் இதற்குள் வரமாட்டேன் என்று சத்தியம் செய்தேன், காப்பாற்றியும் விட்டேன். ஆனால் ஒன்று. அந்தப் பால் சுவர் வருஷக்கணக்கில் என் கனவில் வந்தது. ரோங்கோ கூட்டிப்போன வெள்ளைக்காரர்கள் சேறும் சகதியுமாகத் திரும்பும்போதெல்லாம், காபி கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே என்ன பார்த்தீர்கள், எப்படி இருந்தது என்று துருவித் துருவிக் கேட்பேன். போகவும் பயம், விடவும் மனசில்லை.

எனக்குப் பிள்ளை தங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கலைந்தது. ரோங்கோவின் தங்கை துதாய்க்குக் கல்யாணமாகாமலே ஒரு பெண் பிறந்தது. அவள் ஆக்லாந்துக்கு வேலைக்குப் போகிறபோது குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இப்படி ஊட்டி வளர்க்கிற பிள்ளைகள் உண்டு. ஊட்டுப்பிள்ளை என்றே சொல்வோம். பெற்றவள் யாரென்று பிள்ளைக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பெற்றவள் ஒரு நாள் வந்து கேட்டால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயது வந்துவிட்டால் முடிவு பிள்ளையுடையது.

கூரா என்று பெயர். சுட்ட ஈரப்பலாவை மசித்துத் தேங்காய்ப்பாலில் குழைத்து அவள் வாயில் வைத்தவள் நான். அவளுக்கு இழுப்பு வந்த ராத்திரிகளில் நெஞ்சில் போட்டுக்கொண்டு நடந்தவள் நான். அவள் என் பிள்ளை இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் வாயில் அதே ஈரப்பலாவைச் சூட்டோடு திணித்திருப்பேன்.

அவளுக்கோ குகைப் பைத்தியம். மாமன் ரத்தம், எங்கே போகும்? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பொந்தைக் கண்டால் தலையை உள்ளே விடுவாள். பாறை இடுக்கில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள் என்பாள். குருவிக் குகைக்கு ரோங்கோவோடு எத்தனையோ முறை போய்விட்டாள். குடும்பத்துக் குகைக்கு எப்போது போகலாம் என்பதுதான் நச்சரிப்பு. நான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். மழை, காலில் புண், சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. எலும்புக்குப் பயப்படுகிறாள் என்று ரோங்கோ சிரிப்பான். எலும்புக்கும் பயம்தான். ஆனால் அந்தக் கல்லில் கை வைத்து, துதாயுடைய பிள்ளை என்று அவள் சொல்ல வேண்டியிருக்குமே. அதைக் காதால் கேட்க எனக்குத் தெம்பில்லை.

கூராவுக்குப் பதினைந்து நடக்கிறபோது துதாய் வந்தாள். அப்போது அவள் பிரிஸ்பேனில் இருந்தாள். நல்ல புருஷன், இரண்டு பையன்கள். வந்ததும் வராததுமாக என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"அண்ணி, கூராவை அங்க படிக்க வைக்கலாம்னு ஒரு ஆசை. நீங்க வேணாம்னா நான் மறுபடி வாயைத் திறக்க மாட்டேன்."

நான் என்ன சொல்ல முடியும்? வழக்கப்படி, அவளையே கேள் என்றேன். கூரா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். முதலில் குடும்பத்துக் குகைக்குப் போக வேண்டும், அங்கே போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றாள். துதாயும் எப்படியும் போய்த் தலைகாட்டத்தான் வேண்டும். சனிக்கிழமை என்று ரோங்கோ முடிவு செய்தான். எனக்கு அந்த வாரம் ஒரு காரணமும் அகப்படவில்லை. வெயில் வேறு பளீரென்று அடித்தது.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லில் கை வைத்து அவள் துதாயின் பெயரைச் சொன்னால் எனக்குப் பிள்ளை இல்லை, அவ்வளவுதான். என் பெயரைச் சொன்னால்? அதை நினைக்கும்போது நெஞ்சு ஒரு நிமிஷம் இனித்தது. அடுத்த நிமிஷமே பாறைக்கு அடியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவனின் குரல் கேட்டது. நான் அவளைப் பெறவில்லை. செத்தவர்களிடம் போய்ப் பெற்றதாகச் சொன்னால் அது பொய்தானே. அவள் என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். உடனே, ஆண்டவரே சொல்லிவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். என் வேண்டுதலைக் கேட்டு ஆண்டவரே குழம்பிப்போயிருப்பார்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். செருப்பெல்லாம் அந்தப் பாறைக்கு ஆகாது, கிழித்துவிடும். ரோங்கோவின் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு நான் தத்தித் தத்தி நடந்தேன். மணல்காரி நடக்கிற அழகைப் பார் என்று அவன் கிண்டல் செய்தான். கூரா ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் தாவிப் போனாள். வாசல் வந்ததும் மட்டும் நின்று, எனக்காகக் காத்திருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து எங்கள் முகத்தில் பட்டது.

ரோங்கோ முதலில் கல்லில் கை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, விளக்கோடு கீழே இறங்கினான். துதாய் தன் பெயரையும் தாயின் பெயரையும் சொல்லிவிட்டு வாசல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். நான் முறைப்படி தள்ளிப்போய் ஆலமர வேரைப் பிடித்துக்கொண்டேன். கூரா கல்லில் உள்ளங்கையை வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரோங்கோவின் சிரிப்பு.

"நான் கூரா. அகாய்தியோட பிள்ளை."

அகாய்தி என்பது நான்தான். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை, இனி வரப்போவதுமில்லை. அது எவ்வளவு நேரம் இருந்தது? அவள் கல்லிலிருந்து கையை எடுத்து, ஒரு காலை உள்ளே வைக்கத் தூக்கினாளே, அவ்வளவு நேரம். தூக்கிய காலுக்கு முன்னால் அந்த இருட்டைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் நினைவில்லை.

"இல்ல" என்று ஒரு கத்தல் கேட்டது. என் குரல்தான். பேசக் கூடாத இடத்தில் நின்று பேசினேன். "அவ என் பிள்ளை இல்ல. துதாய் பெத்த பிள்ளை. நான் சும்மா ஊட்டி வளர்த்தவ. தெரியாம சொல்லிட்டா, அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

துதாய் வாயைப் பொத்திக்கொண்டாள். கூரா தூக்கிய காலைக் கீழே வைத்தாள். அவள் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. மறுபடி கல்லில் கை வைத்து, என்னைப் பார்க்காமல், நான் கூரா, துதாயோட பிள்ளை என்று சொன்னாள். உள்ளே இறங்கிப் போனாள். துதாயும் பின்னாலேயே போனாள்.

அவர்கள் வருகிற வரைக்கும் அந்த வேரை விட்டு நான் நகரவில்லை. உயிரோடு திரும்பினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். திரும்பினாள். உடம்பெல்லாம் சேறு, கண் பளபளவென்று இருந்தது, அழுத கண்ணா ஆச்சரியப்பட்ட கண்ணா என்று தெரியவில்லை. பால் சுவரைப் பற்றித் துதாயிடம் பேசிக்கொண்டே வந்தாள். பாறை கூராக இருந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்தாள். கீழே விழாமல் பார்த்துக்கொண்டாள். ஆனால் உள்ளே என்ன பார்த்தாள் என்று எனக்குச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்களிடம் கேட்பது போல அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரோங்கோ அதன் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் கத்தியதைக் கீழேயிருந்து கேட்டிருக்கிறான். எதைக் கேட்டாலும், உன் இஷ்டம் என்பான். அதான் முடிவு பண்ணிட்டியே என்பான். துதாய் மட்டும் அன்று சாயங்காலம் சமையலறைக்கு வந்து, கூராவை விட்டுவிட்டே போகிறேன் அண்ணி, நீங்கள் இளைத்துப்போய்விட்டீர்கள் என்றாள். அவள் போகட்டும் என்று நானே சொன்னேன். செத்தவர்கள் முன்னால் கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது?

கிளம்புவதற்கு முந்தைய நாள், நான் கொல்லையில் சேப்பங்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தபோது கூரா வந்து பக்கத்தில் குந்தினாள். கொஞ்ச நேரம் அவளும் ஒரு கிழங்கை எடுத்துத் தேய்த்தாள்.

"அம்மா, நான் தெரியாம சொல்லலை. தெரிஞ்சுதான் சொன்னேன்."

நான் அடுத்த கிழங்கை எடுத்தேன்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லேன். நான் இருந்துடறேன்."

சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த வாசலில் என் பிள்ளை இல்லை என்று சொன்ன அதே வாயால் இப்போது என் பிள்ளை என்று சொன்னால், அந்தப் பொய்யின் தோஷம் யார் தலையில் இறங்கும்? என் தலையில் இறங்கினால் பரவாயில்லை. நான் கிழங்கைப் பார்த்துக்கொண்டே, அங்கே நல்ல பள்ளிக்கூடம், நன்றாகப் படி என்றேன். அவள் சரி என்றாள். எழுந்து, சேற்றுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எனக்கு நல்ல தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போனாள்.

விமானத் திடலில் ஊரே வந்து மாலை போட்டது. மூக்கு வரைக்கும் பூவாக நின்றாள். என்னைக் கட்டிக்கொண்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பூதான் நசுங்கியது. உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள். விமானம் சின்னது, ஓடி, எழும்பி, தென்னைக்கு மேலே போய், சத்தமும் அடங்கிவிட்டது. கூட்டம் கலைந்தது. ரோங்கோ ஸ்கூட்டரில் உட்கார்ந்தவன் கிளப்பாமல் அப்படியே இருந்தான்.

"அந்தப் பொண்ணை, செத்தவங்க அத்தனை பேருக்கு முன்னால வேணாம்னு சொல்ல உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

"வேணாம்னா சொன்னேன்? பொய் சொல்லிட்டு உள்ள போனா வழியை மாத்திடுவாங்கன்னு நீதானே சொன்னே?"

அவன் என்னையே பார்த்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப்போனது.

"அடியே, அது வெள்ளைக்காரங்களுக்குச் சொல்ற கதைடி. நானா கட்டினது. அப்படி யாரும் போகவும் இல்ல, காணாமப் போகவும் இல்ல."

"சரி, கதைன்னே வச்சுக்கோ. பேரை மாத்திச் சொல்றது தப்புதானே?"

"அவ எங்க மாத்திச் சொன்னா? ஊட்டினவ பேரைச் சொன்னா." அவன் குரல் உடைந்தது. "நான் யார் பேரைச் சொல்றேன்னு நினைச்சே? தெப்போரா அத்தை பேரைத்தான். பெத்தவ பேரை அந்தக் கல்லுல ஒரு நாளும் நான் சொன்னதில்லை."

தெப்போரா அத்தை அவன் அப்பாவுடைய அக்கா. பிள்ளையில்லாத அவள்தான் ரோங்கோவைத் தூக்கிப்போய் வளர்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அது தெரியும். அவன் கல்லிடம் யார் பெயரைச் சொல்கிறான் என்பது மட்டும் தெரியாது. கேட்டதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். கூராவை அனுப்ப வேண்டும் என்று நீயே நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு முடிவு செய்துவிட்டாய் என்றல்லவா நினைத்தேன், அதனால்தான் நான் குறுக்கே பேசவில்லை என்று ரோங்கோ திரும்பத் திரும்பச் சொன்னான். நான் திடலின் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ என்று கத்தியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வேண்டாத இடத்தில்தான் அதற்குச் சத்தம் வரும்.

வாரக்கணக்கில் முயன்று, தபால் ஆபீஸ் போனில் கூராவைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். கதை பொய் என்று சொன்னேன், நான் பயந்த பயத்தைச் சொன்னேன், திரும்பி வந்துவிடு என்றும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பரவாயில்லைம்மா என்றாள். பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டது, தம்பிகள் தன்னை விட்டு நகர்வதில்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்கு அங்கே ஒரு வீடு அமைந்துவிட்டது.

வருஷங்கள் கழித்து, போன கிறிஸ்துமஸுக்குக் கூரா வந்திருந்தாள், தன் பெண்ணோடு. துதாய்க்கு முழங்கால் வலி, வரவில்லை. கூரா என்னை இப்போதும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், வீட்டுக்குள் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறாள், ஒரு குறை சொல்ல முடியாது. குகைக்கு என்னையும் கூட்டிப்போனாள். குழந்தையின் சின்னக் கையைக் கல்லில் வைத்து, அவள் காதில் சொல்லிக்கொடுத்தாள். குழந்தை உரக்கச் சொன்னது: கூராவின் பிள்ளை, துதாயின் பேத்தி. நான் அந்த வாசலில் கொடுத்த பெயர்தான். அவள் மறக்காமல் வைத்திருக்கிறாள்.

உள்ளே போய்விட்டு வந்ததும் குழந்தை நேராக என்னிடம் ஓடி வந்தாள். மூக்கிலெல்லாம் சேறு.

"நீங்க ஏன் உள்ள வரலை? பயமா?"

"ஆமாடி கண்ணு. பயம்."

"எங்க பாட்டிக்கு பயமே கிடையாது" என்றாள்.

துதாயைச் சொல்கிறாள். அப்படியா, ரொம்ப நல்லது என்று சொல்லி அவள் மூக்கைத் துடைத்துவிட்டேன்.